டெட் எழுதப்போகும் டீச்சருக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். 2004-ல் வேலைக்கு வந்தேன், இப்போது வயது 47. அப்போது டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வே கிடையாது. பிறகு வந்தபோதும், உங்களுக்கெல்லாம் அது பொருந்தாது என்றுதான் சொன்னார்கள். 2025 செப்டம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நானும் எழுதித் தேற வேண்டும் என்றாகிவிட்டது.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது கோச்சிங் சென்டரில் உளவியல் வகுப்பு எடுக்கிறாள். அவள் முன்னால் போய் உட்கார வேண்டுமா? இத்தனை வருடம் பாடம் நடத்தியதற்கு ஒரு மதிப்பும் இல்லையா? புத்தகத்தை எடுத்தால் இந்தக் கோபம்தான் முதலில் வருகிறது. இரண்டு பக்கம் படிப்பதற்குள் மூடிவிடுகிறேன். படித்ததும் மறுநாள் நினைவில் இல்லை. மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பார்த்தேன். உளவியலில் 30-க்கு 11. குழந்தைகளோடே வாழ்கிற எனக்கு 11!

இந்த வயதில் இது முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

கோபத்தை முதலில் பேசிவிடுவோம். அதை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள் என்று நான் சொன்னால் அது போகப்போவதில்லை.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கிய தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2010 ஆகஸ்ட் 23 அறிவிக்கையே, உங்களைப் போல் முன்பே முறைப்படி வேலையில் சேர்ந்தவர்களுக்கு விலக்குக் கொடுத்திருந்தது. அதை நம்பி இருந்ததில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் சொன்னது வேறு: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் எழுதாமலே தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. மறுஆய்வு மனுக்கள் போயிருக்கின்றன, சங்கங்கள் போராடுகின்றன. போராடட்டும், நீங்களும் கலந்துகொள்ளுங்கள். ஆனால் 13 வருட சர்வீஸ் மீதியிருக்கும்போது மனுவை மட்டும் நம்பிப் புத்தகத்தை மூடி வைக்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 11 மதிப்பெண்தான். குழந்தைகளோடே வாழ்கிற எனக்கு 11 என்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள். குழந்தைகளோடு வாழ்வதால்தான் 11 என்று எனக்குத் தோன்றுகிறது. பி.எட். முடித்த கையோடு எழுதுகிற பெண்ணுக்கு வகுப்பறை இன்னும் புத்தகத்தில் உள்ள வகுப்பறைதான். கேள்வியைப் பார்த்ததும் அவளுக்குப் புத்தகம் ஞாபகம் வரும். உங்களுக்கோ ஏழாம் வகுப்பு பி பிரிவு ஞாபகம் வரும்.

ஒரு கேள்வியை வைத்துப் பார்ப்போம், நானே எழுதியதுதான். ‘ஒரு மாணவன் பாடவேளையில் தொடர்ந்து பக்கத்திலிருப்பவர்களிடம் பேசிக்கொண்டே இருக்கிறான். ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது: அ. முன் வரிசைக்கு மாற்றி உட்கார வைத்தல். ஆ. பெற்றோரை அழைத்துப் பேசுதல். இ. காரணத்தை அறிந்து அவனுக்கேற்ற செயல்பாடு அளித்தல். ஈ. தலைமையாசிரியரிடம் தெரிவித்தல்.’ நீங்கள் அ என்பீர்கள். ஐம்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில், நாற்பது நிமிடப் பாடவேளையில் அதுதான் நடக்கிற காரியம், அது பலன் தரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். விடைக்குறிப்பு இ என்று சொல்லும். அந்தக் கேள்வி உங்கள் வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் கல்வி உரிமைச் சட்டமும் எப்படிப்பட்ட ஆசிரியரை மனதில் வைத்திருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறது. அந்த ஆசிரியர் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், ஒப்பிட மாட்டார். காரணம் தேடுவார், செய்து பார்க்கச் சொல்வார், தவறை எங்கே புரியவில்லை என்பதன் அடையாளமாக எடுத்துக்கொள்வார். அவருக்கு அலுப்பு கிடையாது, புள்ளிவிவரப் படிவம் நிரப்பும் வேலையும் கிடையாது போலிருக்கிறது. சரி, மூன்று மணி நேரத்துக்கு அவராக இருந்துவிட்டு வாருங்கள். நான்கு விடைகளில் குழந்தையைச் சிந்திக்க வைப்பது எது, வாயடைக்க வைப்பது எது என்று பார்த்தாலே இந்த வகைக் கேள்விகளில் பாதி விழுந்துவிடும்.

இதுவரை டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்திய தாள்களைப் பார்த்தால் இப்படிச் சூழல் தந்து கேட்பவற்றைவிடப் பெயரும் கோட்பாடும் கேட்பவையே கூடுதல் என்பது என் கணிப்பு. மத்திய அரசின் சி.டெட் தாளில்தான் சூழல் கேள்விகள் அதிகம். ஆகவே பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க், எரிக்சன், தார்ன்டைக், ஸ்கின்னர், கார்ட்னர் என்று உளவியலாளர்கள் எல்லோரையும் படித்துத்தான் ஆக வேண்டும். இங்கேதான் உங்கள் அனுபவம் உதவிக்கு வரும். அகலமான பாத்திரத்திலிருந்து உயரமான டம்ளருக்குத் தண்ணீரை மாற்றினால், தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்லும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். பியாஜே அந்தக் குழந்தையை 2 முதல் 7 வயது வரையான நிலையில் வைக்கிறார். 7-க்கு மேல் கண்ணால் காண்பதை வைத்துத் தர்க்கம் செய்யும், 11-க்கு மேல் காணாததையும் வைத்துச் சிந்திக்கும். உங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். உவமை புரிகிற பிள்ளைக்கு ஆகுபெயர் புரியாமல் போவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறீர்கள் இல்லையா? ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் உங்கள் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையின் முகத்தை ஒட்டி வையுங்கள். கோச்சிங் சென்டர் நோட்ஸில் அது கிடைக்காது.

கூடவே ஓர் எச்சரிக்கை. நிறையப் படித்தவர்கள் இந்தத் தேர்வில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘சாரக்கட்டு’ (குழந்தை தானே செய்யப் பழகும்வரை தரும் தற்காலிக உதவி) என்னும் கருத்தோடு தொடர்புடையவர் யார் என்று கேட்டால் வைகாட்ஸ்கி என்றுதான் விடைக்குறிப்பு இருக்கும். உண்மையில் அந்தச் சொல்லை இந்தப் பொருளில் கொண்டுவந்தவர்கள் வுட், புரூனர், ராஸ் மூவரும், 1976-ல். வைகாட்ஸ்கி 1934-லேயே இறந்துவிட்டார். பிறர் உதவியோடு குழந்தை செய்யக்கூடியதைக் குறிக்கும் அவருடைய அண்மை வளர்ச்சி மண்டலக் கருத்தோடு இது பிற்பாடு ஒட்டிக்கொண்டது. இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நான்கு பெயர்களில் புரூனரும் இருந்தால் மனம் அலைபாயும், அப்போது வைகாட்ஸ்கியைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். உங்கள் சொந்தப் பாடத்திலும் இதே கதைதான். வள்ளுவர் காலம் பற்றி எத்தனை ஆய்வு படித்திருந்தாலும் அங்கே அது கி.மு. 31. விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபம் சொல்ல டி.ஆர்.பி. அவகாசம் தருகிறது, அப்போதும் பாடநூல் ஆதாரத்தைத்தான் கேட்கும். கைடு, நோட்ஸ் எதையும் ஏற்காது. கடையில் அடுக்கியிருக்கும் கைடுகளை வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள்.

இனி கணக்கு. நீங்கள் எழுதப்போவது இரண்டாம் தாள். 150 கேள்வி, 150 மதிப்பெண். பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 60 விழுக்காடு, அதாவது 90. மற்ற பிரிவினருக்குச் சலுகை உண்டு, அது எவ்வளவு என்பதை நீங்கள் எழுதும் தேர்வின் அறிவிக்கையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் 90 என்றே வைத்துப் பேசுகிறேன்.

உளவியல் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மீதி 60-க்குக் கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். இருபது வருடமாகத் தமிழ் மட்டும் நடத்தியவரிடம் தமிழில் கேட்பது 30, அவர் நடத்தாத பாடத்தில் கேட்பது 60! இதை வடிவமைத்தவர்கள் தமிழாசிரியர் ஒருவரையாவது மனதில் நினைத்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தமிழில் 26, உளவியலில் 20, ஆங்கிலத்தில் 15, சமூக அறிவியலில் 30. மொத்தம் 91. சமூக அறிவியலில் பாதி போதும், ஆங்கிலத்தில் பாதி போதும். எல்லாவற்றிலும் முழுதாகத் தயாராக வேண்டும் என்று நினைப்பதால்தான் இரண்டு பக்கத்தில் மலைப்பு வருகிறது. நீங்கள் இதில் முதலிடம் வாங்க வேண்டியதில்லை. தேறினால் போதும்.

தமிழுக்கு நேரம் செலவழிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கடைசி இரண்டு வாரம் ஆறு முதல் பத்து வரை பாடநூல்களை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். 2018 முதல் மாறிய நூல்களில், நீங்கள் நடத்தாத வகுப்புகளின் நூல்வெளிப் பகுதிகள் (நூலையும் ஆசிரியரையும் பற்றிய குறிப்புகள்) உங்களுக்குப் புதிதாக இருக்கும். ஆங்கிலத்துக்குப் பாடநூலில் இருக்கும் இலக்கணப் பயிற்சிகளே போதும். சமூக அறிவியலுக்கு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் புத்தகங்கள். பாடத்திட்டம் எட்டாம் வகுப்பு வரைதான், கேள்வியின் கடினம் அதற்கு மேலும் போகலாம். முதல் மூன்று புத்தகத்தை முடிக்காமல் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் தொட வேண்டாம். உங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே சமூக அறிவியல் ஆசிரியர் இருப்பார். அவருக்குத் தமிழ் 30 பயமாக இருக்கும். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

படித்தது மறுநாள் நினைவில் இல்லை என்கிறீர்கள். வயதை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், படிக்கும் விதத்தையும் பாருங்கள். அடிக்கோடிட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பத்தியை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுவே மேல்: அவர்களுக்கு 83 விழுக்காடு, எழுதிய குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை, நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்ததும் வாசித்த குழுதான். பிள்ளைகளுக்கு வாரா வாரம் சிறு தேர்வு வைப்பவர் நீங்கள். அதை உங்களுக்கு வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒரு பாடம் வாசியுங்கள், மூடுங்கள், பழைய ரஃப் நோட்டில் நினைவு வந்ததை எழுதுங்கள், திறந்து விட்டுப்போனதைப் பாருங்கள். மூன்று நாள் கழித்து மறுபடியும் எழுதுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், ஒன்றுமே வராது. அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் உங்களிடம் படித்த அந்தப் பெண். கோச்சிங் போகத்தான் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உளவியல் ஒன்றுக்கு மட்டும் யாராவது வழிகாட்டினால் நல்லது. அவளுக்கு ஃபோன் செய்து, ‘இந்த முப்பது மார்க்குக்கு மட்டும் உதவி செய்வாயா’ என்று கேட்டுப் பாருங்கள். அவள் முன்னால் நீங்கள் சிறுத்துப்போவீர்கள் என்று பயப்படுகிறீர்கள். தன் டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று அவள் இரவெல்லாம் தயாரித்துக்கொண்டுதான் வருவாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒருவேளை தேறாவிட்டால் என்ற பயமும் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-ல் முதல் டெட் நடந்தபோது 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் எழுதியவர்களில் ஒரு விழுக்காடுகூடத் தேறவில்லை. அதே வருடம் மூன்று மணி நேரம் கொடுத்துத் துணைத்தேர்வு நடத்தினார்கள், தேர்ச்சி கூடியது. எழுதியவர்களின் அறிவு மூன்று மாதத்தில் மாறிவிடவில்லையே! இப்போது ஒரு கேள்விக்கு 72 விநாடி இருக்கிறது, நெகட்டிவ் மார்க்கும் கிடையாது. ஒரு கேள்வியையும் விடாமல் நிரப்பிவிட்டு வாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக எதையும் படிக்க வேண்டாம். டி.ஆர்.பி. தளத்திலிருந்து பழைய இரண்டாம் தாள் ஒன்றை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் முழுதாக எழுதுங்கள். நான்கு பகுதிக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு எனக்கு அனுப்புங்கள். சமூக அறிவியலில் வரலாறா, புவியியலா, குடிமையியலா, எதில் அதிகம் விழுந்திருக்கிறது என்பதையும் குறியுங்கள். எதை முதலில் எடுப்பது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.