அம்மாவோட இருந்து பாக்கக்கூடிய படங்கள்

தம்பி, வெடிச்சத்தம் கேட்டாலே எழும்பி அறைக்குள்ள போற அம்மாவோட இருந்து பாக்கப் படம் கேட்டிருந்தீங்கள். இந்த ஒரு வருசம் யாழ்ப்பாணம் கொக்குவில்ல எங்கட வீட்டு டிவியில ஓடினதுக்குள்ள முதல் சொல்லுறது 'லப்பர் பந்து' (2024). கிரிக்கெட் தெரியாட்டியும் பரவாயில்லை. மாமனாகப் போறவருக்கும் மருமகனாகப் போறவனுக்கும் இடையில வாற வீம்புதான் கதை. அட்டகத்தி தினேஷ் விஜயகாந்த் ரசிகனா வாற இடங்களில எங்கட மாமி விழுந்து விழுந்து சிரிச்சா. அவற்ற மனுசியா வாற சுவாசிகா அதைவிடத் திறம்.

எல்லாரும் 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) எண்டுதான் சொல்லுவினம். பொருளாதார நெருக்கடியால இங்கயிருந்து வள்ளத்தில போற குடும்பம், நல்ல படம்தான். ஆனா தொடக்கமே இராமேஸ்வரக் கரையில பொலிஸ், பிறகு குண்டுவெடிப்பு விசாரணை. நீங்கள் தனிய ஒருக்காப் பாத்திட்டு முடிவெடுங்கோ. (கதாநாயகன் சசிகுமார் கதைக்கிற எங்கட யாழ்ப்பாணத் தமிழ் இடைக்கிடை மதுரைக்குப் போயிட்டு வரும், அது வேற கதை.)

'மெய்யழகன்' எனக்கு நல்ல விருப்பம். நீளம் கூட, பேச்சும் கூட; காது மட்டான ஆக்களுக்கு அலுப்படிக்கும்.

ஒண்டும் சரிவராட்டி 'காதலிக்க நேரமில்லை' (1964) இருக்கு. பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லேக்க அம்மா எழும்பமாட்டா.

டிவி சவுண்ட் செட்டிங்கில நைட் மோட் இருந்தாப் போட்டுவிடுங்கோ. பெரிய சத்தங்கள் அமுங்கும், கதைக்கிறது விளங்கும்.