கல் உப்பு ஏன் கசிகிறது?

"சாமிதோப்பு உப்பளத்துப் பக்கம் போனபோது ஐந்து கிலோ கல் உப்பு வாங்கினேன். ஆனி மழை தொடங்கியதிலிருந்து டப்பாவின் அடியில் தண்ணீர் நிற்கிறது. பாக்கெட் உப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கலப்படமாக இருக்குமோ?" முட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கலப்படம் என்று நினைக்க வேண்டாம். உப்பை முழுதாகச் சுத்திகரிக்காமல் விட்டதுதான் காரணம். அடியில் நிற்கும் நீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிப்போடு ஒரு கசப்பும் தெரியும். அந்தக் கசப்புதான் கசிய வைக்கும் ஆள்: மக்னீசியம் குளோரைடு.

பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு வகை உப்புகளான கால்சியம் கார்பனேட்டும் ஜிப்சமும் படியும், அப்புறம் நம் சமையல் உப்பான சோடியம் குளோரைடு. மக்னீசியம் உப்புகள் கடைசிவரை நீரிலேயே நிற்கும். அந்தக் கசப்பு நீரை வடித்துவிட்டாலும் கொஞ்சம் கல்லின் மேலும், கல்லுக்குள் இருக்கும் பொடிப் பொந்துகளிலும் தங்கிவிடும். (காய்ந்த சட்டியில் கல் உப்பு படபடவென்று தெறிப்பது, அந்தப் பொந்து நீர் ஆவியாகி வெடிப்பதால்தான்.)

இரண்டும் குளோரைடுதான், பிறகு ஒன்றுக்கு மட்டும் ஏன் இத்தனை தாகம்? சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள், வெளிக்கூட்டில் ஒன்றே ஒன்று. குளோரினின் வெளிக்கூட்டில் 7, கூடு நிறைய வேண்டிய எட்டுக்கு ஒன்று குறைவு. சோடியம் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. இப்படி மின்சுமை ஏறிய அணுதான் அயனி: கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கியது எதிர்மின் அயனி. இவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதுதான் அயனிப் பிணைப்பு. மக்னீசியம் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிடும். அதனால் இரட்டை மின்சுமை, அதுவும் சோடியம் அயனியைவிடச் சின்ன உடம்பில். நீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, அது சகப்பிணைப்பு. ஆனால் பங்கு சமமில்லை. ஆக்சிஜன் தன் பக்கம் இழுப்பதால் அந்தப் பக்கம் லேசாக எதிர்மின் ஏறியிருக்கும். அதை மக்னீசியம் கப்பென்று பிடித்துக்கொள்ளும். ஒரு மக்னீசியம் அயனியைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் உட்காரும். அதற்கு மேலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, அந்த நீரிலேயே கரைந்துபோகும்.

காற்றின் ஈரப்பதம் சுமார் 33 சதவீதத்தைத் தாண்டினாலே மக்னீசியம் குளோரைடு கசியத் தொடங்கும். சுத்தமான சமையல் உப்பு 75 வரை தாங்கும். கடலோரத்தில் 33-க்குக் கீழே இறங்கும் நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் 75-உம் சாதாரணம், அப்போது பாக்கெட் உப்பும் கட்டி தட்டும். அதைத் தடுக்கக் கட்டியாகாமல் காக்கும் பொருள் சேர்க்கிறார்கள். சில பாக்கெட்டுகளில் 536 என்று போட்டிருக்கும், பொட்டாசியம் ஃபெரோசயனைடு. பெயரில் சயனைடு இருக்கிறதே என்று பதற வேண்டாம். அங்கே சயனைடை இரும்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது, சேர்ப்பதும் துளியளவுதான்.

சரி, உப்பை என்ன செய்வது? அடியில் ஓட்டை போட்ட மண்சட்டியில் கொட்டி, கீழே ஒரு கிண்ணம் வைத்து, ஒரு வாரம் சொட்ட விடுங்கள். மக்னீசியம்தான் முதலில் கரைந்து இறங்கும். அவசரமென்றால், இனி உப்பு கரையாது என்ற அளவுக்குக் கரைத்த உப்புநீரில் ஒருமுறை அலசி வெயிலில் காயவையுங்கள். அந்த நீர் ஏற்கெனவே நிறைந்துவிட்டதால் சோடியம் குளோரைடு அதில் கரையாது, மக்னீசியம் மட்டும் போய்விடும். வெறும் தண்ணீரில் அலசினால் உப்பும் சேர்ந்து போய்விடும். வறுத்து வைப்பதில் பலன் குறைவு, ஆறியதும் திரும்ப ஈரம் இழுக்கும்.

ஒன்று கவனியுங்கள். உப்பளத்தில் நேரடியாக வாங்கியதில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். அதை ஊறுகாய்க்கும் மீன் கழுவவும் வைத்துக்கொண்டு, கறிக்கு அயோடின் உப்பைப் போடுங்கள். அயோடின் சேர்த்த கல் உப்பாக இருந்தால் அலசவே வேண்டாம், அயோடினும் சேர்ந்து கரைந்துபோகும்.

அப்புறம், எவர்சில்வர் டப்பாவை மாற்றிவிடுங்கள். ஈர உப்பின் குளோரைடு அதன் மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தைத் துளைத்து, ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். மூடியுள்ள பரணியோ (ஊறுகாய் ஜாடி), வீட்டில் இருந்தால் உப்பு போட்டு வைக்கும் பழைய மரப் பாத்திரமான மரவையோ போதும். அள்ள ஒரு சிரட்டைக் கரண்டி.