வெட் ஸ்கூல் (கால்நடை மருத்துவக் கல்லூரி) போகணும்னா காலேஜ்ல என்ன மேஜர் (முக்கியப் பாடம்) எடுக்கறது? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

நாமக்கல் பக்கம் பொறந்து பத்து வயசுல அமெரிக்கா வந்தவ நான். இங்கயே படிச்சு இப்ப விஸ்கான்சின்ல மாட்டுப் பண்ணைகளுக்குப் போற வெட், அதாவது கால்நடை டாக்டர். ஒரு வெட் ஸ்கூல்ல மூணு வருஷம் அட்மிஷன் இன்டர்வியூல உக்காந்து கேள்வியும் கேட்டிருக்கேன். நான் சொல்றது எல்லாம் அமெரிக்க கதை, ஊர்ல மாதிரி ப்ளஸ் டூ மார்க்கை வச்சு நேரா பிவிஎஸ்சி சேர்ற கணக்கு இங்க கிடையாது, முதல்ல காலேஜ், அதுக்கப்புறம் வெட் ஸ்கூல்ல நாலு வருஷம் டிவிஎம், அதான் இங்க கால்நடை டாக்டர் பட்டம்.

சார்லட்ல இருந்து ஒரு அப்பா: பொண்ணு லெவன்த் கிரேடு. சில யுனிவர்சிட்டில ப்ரீ-வெட்னு இருக்கு, சிலதுல இல்ல. இருக்கற இடத்துலதான் சேர்க்கணுமா?

அவசியமே இல்லைங்க. ப்ரீ-வெட்ங்கறது பெரும்பாலான இடத்துல மேஜரே கிடையாது, ஒரு அட்வைசர், ஒரு கிளப், எடுக்க வேண்டிய கோர்ஸ் லிஸ்ட், அவ்ளோதான். வெட் ஸ்கூல்காரங்க டிகிரி பேரைப் பாக்கறதில்ல, அவங்க கேட்ட கோர்ஸ் எல்லாம் முடிச்சிருக்கா, என்ன கிரேடுன்னு பாப்பாங்க. ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், பயோகெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ், ஸ்டாட்ஸ் இதெல்லாம் ஏறக்குறைய எங்கயும் வரும். ஜெனிடிக்ஸ், மைக்ரோபயாலஜி, அனிமல் நியூட்ரிஷன், ஏன் பப்ளிக் ஸ்பீக்கிங் கூட, வெட் ஸ்கூலுக்கு வெட் ஸ்கூல் மாறும்.

பசங்க மாட்டிக்கறது வரிசைலதான். கெமிஸ்ட்ரி ரெண்டு செமஸ்டர் முடிச்சாத்தான் ஆர்கானிக் தொட விடுவாங்க, அது ரெண்டு முடிச்சா பயோகெம், ஆக அஞ்சு செமஸ்டர் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. நாலாவது வருஷம் தொடங்கின கையோட, செப்டம்பர் நடுவுல, விஎம்சிஏஎஸ் (வெட் ஸ்கூல்களுக்குப் பொதுவா ஒரே இடத்துல அப்ளை பண்ற தளம்) அப்ளிகேஷன் மூடிரும். "ஃபர்ஸ்ட் இயர் ஜாலியா இருக்கட்டும், கெமிஸ்ட்ரி அடுத்த வருஷம்"னு தள்ளின பசங்க அப்ப முழிப்பாங்க. ஒண்ணு ரெண்டு கோர்ஸ் பாக்கி வச்சு அப்ளை பண்ணலாம், ஆனா ஆர்கானிக்கும் பயோகெமும் சேர்ந்து பாக்கின்னா இன்டர்வியூ பண்றவங்க என்னத்தை வச்சு உங்க பொண்ணை எடை போடுவாங்க? ஒரு ஆறு வெட் ஸ்கூலோட கோர்ஸ் லிஸ்டை எக்செல்ல போட்டு வச்சுக்கச் சொல்லுங்க, வருஷா வருஷம் சரிபார்க்கணும், அவங்க மாத்திக்கிட்டே இருப்பாங்க.

காலேஜ் முதல் வருஷம் படிக்கற தம்பி: அக்கா, பயாலஜியா அனிமல் சயின்ஸா? குழம்பிப் போய் இருக்கேன்.

தம்பி, எனக்கும் இதே குழப்பம் இருந்துச்சு. பயாலஜி எடுத்தா வேண்டிய கோர்ஸ் பாதி மேஜருக்குள்ளயே வந்துரும், நேரம் மிச்சம். ஆனா நாலு வருஷத்துல ஒரு மாட்டைக் கூட தொடாம டிகிரி வாங்கிடலாம், செடியும் ஈஸ்டும் பாத்தே காலம் ஓடிரும். அனிமல் சயின்ஸ்ல தீவனம், சினை, பால், கோழின்னு பண்ணை சம்பந்தமா போகும், யுனிவர்சிட்டியே மாடு பன்னி வச்சிருக்கும், வாத்தியார்ல சிலர் வெட்டாவே இருப்பாங்க, அவங்க குடுக்கற சிபாரிசு லெட்டருக்கு வெயிட்டு ஜாஸ்தி. மைனஸ் என்னன்னா, சில இடத்துல அனிமல் சயின்ஸ் பாடத்திட்டத்துல பிசிக்ஸோ ரெண்டாவது ஆர்கானிக்கோ இருக்காது, தனியா சேர்த்து எடுக்கணும்.

எங்க அப்பாரு ரெண்டு எருமை வச்சிருந்தாரு, அந்தத் தெம்புல எனக்கு மாடு தெரியும்னு நெனச்சு பயாலஜி எடுத்தேன். முதல் தடவை இங்க 800 மாடு நிக்கற கொட்டாய்க்குள்ள போனப்ப எந்தப் பக்கம் நிக்கறதுன்னே தெரியல. டவுன்ல வளர்ந்த நம்ம பசங்களுக்கு நான் அனிமல் சயின்ஸ்தான் சொல்வேன். ஆனா நீ வீட்டுல கோழி கூட பாக்க மாட்டேன், எனக்கு வைரஸ் ரிசர்ச்தான் பிடிக்கும்னா மைக்ரோபயாலஜி போ, யாரும் தடுக்கல.

ஒரு அம்மா: எங்க வீட்டுக்காரர் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுக்கச் சொல்றார். வெட் கிடைக்கலைன்னா வேலையாவது கிடைக்கும்ங்கறார்.

நியாயமான கவலை, தப்பு சொல்ல மாட்டேன். முதல் தடவை அப்ளை பண்ணி சீட் கிடைக்காதவங்க நிறைய, அடுத்த வருஷம் திரும்ப வந்து வாங்கறவங்களும் நிறைய, நடுவுல ஒரு வேலை வேணும்ல. ஆனா இன்ஜினியரிங்ல 3.2 ஜிபிஏ (4க்கு கணக்கு போடற சராசரி கிரேடு) வாங்கிட்டு "கஷ்டமான மேஜர்ங்க"ன்னு சொன்னா, பக்கத்து சீட்ல அனிமல் சயின்ஸ்ல 3.8 வச்சிருக்கற பொண்ணு முன்னாடி அது எடுபடறது கஷ்டம். பையனுக்கு கணக்கு உயிர்னா எடுக்கட்டும். அப்பாவுக்கு உயிர்னா வேண்டாம்.

இன்னொரு தம்பி: ஆர்கானிக்ல சி. முடிஞ்சுதா கதை?

முடியல. திரும்ப எடு, ஆனா பழைய கிரேடு மறையாது, விஎம்சிஏஎஸ் ரெண்டையும் சேர்த்துத்தான் கணக்கு போடும், உன் காலேஜ் அழிச்சிருந்தாலும் சரி. நல்ல விஷயம் என்னன்னா மொத்த ஜிபிஏ, சயின்ஸ் ஜிபிஏ கூடவே கடைசி 45 கிரெடிட் ஜிபிஏன்னும் ஒண்ணு தனியா போகும். ரெண்டாவது வருஷத்துல சறுக்கி அப்புறம் ஏறினவங்களை அந்த நம்பர் காப்பாத்தியிருக்கு, நானே பாத்திருக்கேன்.

நியூ ஜெர்சி எடிசன்ல இருந்து: ஏபி (ஹைஸ்கூல்லயே எழுதற காலேஜ் லெவல் பரீட்சை) பயாலஜில 5 இருக்கு, கோர்ஸ் தப்பிக்கலாமா?

சில வெட் ஸ்கூல் ஒத்துக்கும், சிலது மேல்நிலை பயாலஜி ஒண்ணு எடுன்னு சொல்லும். எடுத்துருங்க, நிம்மதி. நியூ ஜெர்சிக்காரங்களுக்கு இன்னொண்ணு, 2025ல ரோவன் யுனிவர்சிட்டில முதல் பேட்ச் சேர்ந்துருச்சு, உங்க ஸ்டேட்ல அதுக்கு முன்னாடி வெட் ஸ்கூலே இல்ல.

பேர் வேண்டாம்னு சொன்ன ஒருத்தர்: நாங்க எச்1 (வேலை விசா), பையன் எச்4 (எங்களைச் சார்ந்த விசா). கிரீன் கார்டு எப்ப வரும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். எந்த மேஜர் நல்லது?

அண்ணா, உங்களுக்கு மேஜரை விட இதுதான் பெரிய கேள்வி. 21 வயசு ஆச்சுன்னா எச்4 போயிரும், எஃப்1க்கு, அதாவது மாணவர் விசாவுக்கு மாறணும். வெளிநாட்டு மாணவரை எடுக்காத ஸ்டேட் வெட் ஸ்கூல் உண்டு, எடுத்தாலும் வெளி ஸ்டேட் ஃபீஸ்தான், ஃபெடரல் லோன் கிடையாது. அதனால காலேஜ் சேர்றதுக்கு முன்னாடியே எந்தெந்த வெட் ஸ்கூல் எஃப்1 எடுக்குதுன்னு மெயில் போட்டுக் கேட்டு எழுத்துல வாங்கிடுங்க. மேஜர்ல ஸ்டாட்ஸ், டேட்டா சயின்ஸ் மாதிரி தனியா வேலை தேடித்தர்ற ஒண்ணை எடுத்துட்டு கோர்ஸ் லிஸ்டைப் பக்கவாட்டுல முடிக்கச் சொல்லுங்க. மத்தவங்களுக்கு இப்படி சொல்ல மாட்டேன், உங்க நிலைமைக்கு சொல்றேன்.

அட்லாண்டா அம்மா: பேசாம சென்னைக்கு அனுப்பி பிவிஎஸ்சி படிக்க வச்சுட்டா?

மெட்ராஸ் வெட்னரி காலேஜ் 1903ல தொடங்கினது, படிப்புல குறை சொல்ல மாட்டேன். அஞ்சரை வருஷம். ஆனா இந்திய காலேஜுக்கு ஏவிஎம்ஏ (அமெரிக்க கால்நடை மருத்துவ சங்கம்) அங்கீகாரம் இல்லாததால, திரும்பி வந்து இசிஎஃப்விஜியோ பேவ்வோ, வெளிநாட்டுல படிச்சவங்களைச் சோதிக்கற இந்த ரெண்டுல ஒரு வழில தேறணும், அதுக்கு மேல எல்லாரும் எழுதற நாவ்லேங்கற லைசென்ஸ் பரீட்சை. இசிஎஃப்விஜில செய்முறைப் பரீட்சை ஒண்ணு இருக்கு, காசும் தின்னும், வருஷமும் தின்னும். இந்த வழில வந்து சூப்பரா இருக்கறவங்க எனக்குத் தெரியும், எல்லாம் ஊர்லயே வளர்ந்தவங்க. இங்க வளர்ந்த பொண்ணை அனுப்பறது வேற கதை.

சிகாகோ அப்பா: கடைசில எவ்ளோ ஆகும்?

உங்க ஸ்டேட் வெட் ஸ்கூல்ல கிடைச்சா தப்பிச்சீங்க. வெளி ஸ்டேட்டுன்னா சாப்பாடு வாடகை சேர்த்து நாலு வருஷத்துக்கு மூணு லட்சம் டாலரைத் தாண்டற இடங்கள் இருக்கு. 2026 ஜூலை 1ல இருந்து புதுசா லோன் வாங்கறவங்களுக்கு கிராட் ப்ளஸ் (மேல்படிப்புக்கான ஃபெடரல் லோன்) இல்ல, இந்த மாதிரி படிப்புக்கு ஃபெடரல் லோன் வருஷத்துக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர்தான். மிச்சத்துக்கு தனியார் பேங்க். அதனால காலேஜ் டிகிரிக்கு பெரிய பேருக்காக எண்பதாயிரம் டாலர் கட்டாதீங்க, ஸ்காலர்ஷிப் குடுக்கற ஸ்டேட் யுனிவர்சிட்டி போதும், அந்தக் காசு வெட் ஸ்கூலுக்கு வேணும்.

ஒரு பாப்பா, நைன்த் கிரேடு: வீட்டுல ரெண்டு நாய் வளர்க்கறேன், அனுபவக் கணக்குல வருமா?

சொந்த செல்லத்தைக் கொஞ்சறது வராதுடா கண்ணு. ஷெல்டர்ல வேலை செஞ்சா விலங்கு அனுபவம், வெட் ஒருத்தர் கூட நின்னு வேலை பாத்தா அது வெட் அனுபவம், ரெண்டும் தனித்தனி கட்டத்துல போகும். நாய் கிளினிக் மட்டும் போதாது, மாடு, குதிரை, லேப்னு கலந்து பாரு. இப்பவே ஒரு நோட்டுல தேதியும் மணியும் எழுதி வை, அஞ்சு வருஷம் கழிச்சு யாருக்கும் ஞாபகம் வராது.

பயாலஜியா அனிமல் சயின்ஸான்னு கேட்ட தம்பியே: சரிக்கா, அனிமல் சயின்ஸ் எடுத்துட்டேன்னு வை, மைனர் (கூடவே படிக்கற துணைப்பாடம்) எதுனா?

ஸ்பானிஷ். சிரிக்காத. இங்க பால் கறக்கற ஆளுங்கள்ல ரொம்பப் பேர் மெக்சிகோ பக்கத்துல இருந்து வந்தவங்க, ராத்திரி பூரா மாட்டு கூட இருக்கறது அவங்கதான். ஓனர் "நேத்துல இருந்து டல்லா இருக்கு"ம்பாரு, நான் ஸ்பானிஷ்ல அந்த அண்ணன்கிட்ட தனியா கேட்டா, மூணு நாளா தீவனம் எடுக்கல, கன்னு போட்டப்ப நஞ்சுக்கொடி முழுசா விழலன்னு சொல்லுவாரு.