கோட்டையை விட்டுவிடலாமா?

கேள்வி: மான்செஸ்டரில் மகன் வீட்டில் இருக்கிறோம். பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் உள்ள காசில்டன் ஊருக்கு ஒருநாள் போகப் போகிறோம். அங்குள்ள நான்கு குகைகளையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. குன்றின் மேல் இருப்பது இடிந்த கோட்டைதானே, அதை விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடுங்கள், ஆனால் கோட்டையை அல்ல. நான்கில் மூன்று குகைகளை! ஒரே நாளில் நான்கு குகைக்குள் நுழைந்து வந்தால் எது எந்தக் குகை என்றே நினைவிருக்காது.

அந்த ஊர் உருவானதே கோட்டையால்தான். நார்மன் பிரபு வில்லியம் பெவரில் கட்டியது; இங்கிலாந்து மன்னர் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதவைத்த 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டிலேயே இடம்பெற்றுவிட்டது. இப்போது நிற்கும் சதுரக் கோபுரம் இரண்டாம் ஹென்றி மன்னர் 1176-இல் எழுப்பியது. ஏற்றம் செங்குத்துதான், நிதானமாக ஏறுங்கள். பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணில் படும்போது, மன்னருடைய வேட்டைக்காட்டை ஏன் இங்கிருந்து நிர்வகித்தார்கள் என்று தானாகப் புரியும்.

சரி, எந்தக் குகை? பீக் கேவர்ன். கோட்டைக் குன்றின் அடியிலேயே இருக்கிறது. பிரிட்டனின் இயற்கைக் குகைகளில் இதற்குத்தான் மிகப் பெரிய வாசல். கயிறு திரிக்கும் குடும்பங்கள் அந்த வாசலுக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருந்து, சுமார் 400 ஆண்டுகள் தொழில் செய்தார்கள். கயிறு திரிக்க நீளமான இடம் வேண்டும், மழையும் படக்கூடாது. இரண்டும் அங்கே கிடைத்தன. சுற்றியிருந்த ஈயச் சுரங்கங்களுக்குக் கயிறு தேவைப்பட்டதால் விற்பனைக்கும் குறைவில்லை. அவர்கள் மூட்டிய அடுப்புப் புகையின் கரி இன்றும் பாறைக்கூரையில் படிந்திருக்கிறது. சுண்ணாம்புப் படிவங்களை எத்தனையோ குகைகளில் பார்த்துக்கொள்ளலாம். உழைத்துப் பிழைத்தவர்களின் வீட்டுக்கரியை எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? வாசலில் படம் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடாதீர்கள், அண்ணாந்து பாருங்கள். கயிறு திரித்த மேடைகளையும் வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

இங்குள்ள வேறு குகைகளில் கிடைக்கும், ஊதாவும் மஞ்சளும் பட்டை பட்டையாக ஓடும் ப்ளூ ஜான் என்ற அலங்காரக் கல்லைக் கடைத்தெருவிலேயே பார்க்கலாம். அதற்காக இன்னொரு குகைக்கு டிக்கெட் தேவையில்லை.

அப்புறம், மாம் டோர் மலையடியில் ஒரு பழைய நெடுஞ்சாலை இருக்கிறது. மண்சரிவு ஓயாததால் 1979-இல் வண்டிப் போக்குவரத்துக்கு அடியோடு மூடிவிட்டார்கள். தார் அடுக்கடுக்காகப் பிளந்து கிடக்கும் அந்தச் சாலையில் நடந்து போகலாம். பாக்கி மூன்று குகைகளின் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கச் சொல்லி மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.