கவுன்சலிங்கா, நிகர்நிலையா? பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

பொறியியல் சேர்க்கை பற்றி வந்த கேள்விகளில் சில. கவுன்சலிங் என்றால் மதிப்பெண் தரவரிசைப்படி அரசு நடத்தும் சேர்க்கை. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் தானே மாணவர்களைச் சேர்த்து, தன் பெயரிலேயே பட்டம் தருவது. நான் இருபது ஆண்டுக்கு மேல் மெக்கானிக்கல் பாடம் எடுத்தவன்.

மகனுக்குக் கட்-ஆஃப் 200க்கு 176. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறார்களாம். நாளைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா சார்? (விவசாயி, திருவண்ணாமலை)

அவசரப்பட வேண்டாம் ஐயா. கவுன்சலிங் இணையதளத்தில் போன வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவு, எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்று சாதிப் பிரிவு வாரியாகப் போட்டிருப்பார்கள். முதலில் அதைப் பையனோடு உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம் கடன் கணக்கு. வருடம் 3 லட்சம் வீதம் 4 வருடத்துக்கு 12 லட்சம், 10% தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்: முதல் வருடப் பணத்துக்கு 5 வருட வட்டி, கடைசி வருடப் பணத்துக்கு 2 வருட வட்டி. முதல் தவணை கட்டும் நாளில் கடன் 16 லட்சத்து 20 ஆயிரமாக நிற்கும். நிலத்தை நம்பி இதில் இறங்காதீர்கள்.

எங்கே சேர்ந்தாலும் அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்க மட்டும் காட்டுங்கள், கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். கல்லூரி அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி.

அண்ணா பல்கலைக்கழகம் என்றார்கள். போய்ப் பார்த்தால் தனியார் கல்லூரி! (தாய், விழுப்புரம்)

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறதம்மா. கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்றவை பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். அரசுப் பொறியியல் கல்லூரிகள் தனி. கோவை பி.எஸ்.ஜி. டெக், மதுரை தியாகராஜர் போன்றவை அரசு உதவி பெறுபவை. அவற்றிலும் சில பிரிவுகள் சுயநிதி என்பதால் எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீதி நூற்றுக்கணக்கானவை இணைப்பு பெற்ற தனியார் கல்லூரிகள். பட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும், ஆனால் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் அந்தக் கல்லூரி ஆள். அதனால் பெயரை விட்டுவிட்டு, கல்லூரியைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? எங்களுக்கு என்ன தெரியும்? (தந்தை, தேனி)

வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். ஒருமுறை உறவுக்காரப் பையனுக்காக ஒரு கல்லூரிக்குப் போனேன். வரவேற்பறையில் பளிங்குத் தரை, ஏசி. பணிமனைக்குள் போனால் இரும்பைக் கடையும் லேத் எந்திரங்கள் மேல் வாங்கியபோது போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. கீழே ஒரு இரும்புச் சுருள்கூடக் கிடக்கவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் செய்முறைப் பயிற்சிகளை எழுதும் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். எட்டுப் பயிற்சிக்கும் ஒரே தேதியில் கையெழுத்து! பையனை அங்கே சேர்க்கவில்லை.

வாசலில் இருக்கும் டீக்கடையில் மாணவர்களிடம் பேசுங்கள். வருட நடுவில் எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். எனக்கு வேலைவாய்ப்பு விளம்பரத்தைவிட அந்தப் பதில்தான் முக்கியம்.

நாக் ஏ பிளஸ் பிளஸ் இருந்தால் போதுமா?

போதாது. நாக் (NAAC) என்பது கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு; அதன் தரக்குறியீடு மொத்த நிறுவனத்துக்குத் தருவது. ஒவ்வொரு பிரிவாகப் பார்த்துத் தருவது என்.பி.ஏ. (NBA) அங்கீகாரம். உங்கள் பிரிவுக்கு அது இருக்கிறதா பாருங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான் சார். வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். தோழிகள் தனியார் பல்கலைக்கழகம் போகிறார்கள். (மாணவி, தர்மபுரி)

தங்கச்சி, நீ கவுன்சலிங்கை விடவே கூடாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். அது தவறினாலும் கல்விக் கட்டணத்தில் முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. இரண்டுமே கவுன்சலிங் வழியாக வந்தால்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். முதல் பட்டதாரிச் சான்றுக்கு இன்றைக்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடு. கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் தாங்காது.

அப்போ நிகர்நிலையே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. நல்ல ஆய்வகமும் நல்ல ஆசிரியர்களும் உள்ள இடங்கள் அங்கேயும் உண்டு. கையில் பணம் இருந்து, கவுன்சலிங்கில் விரும்பிய பிரிவு கிடைக்கவில்லை என்றால் தாராளமாகச் சேருங்கள். உதவித்தொகையையும் விசாரியுங்கள். மாவட்ட அளவில் முதலிடம் பெறும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வேலூர் வி.ஐ.டி. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் 'ஸ்டார்ஸ்' என்ற பெயரில் இலவசப் படிப்பே வைத்திருக்கிறது. நான் வேண்டாம் என்பது, கவுன்சலிங் தொடங்கும் முன்பே பயந்துபோய்ப் பணம் கட்டுவதைத்தான்.