மலை ஏறத் தெரியும். பத்துப் பேரைக் கூட்டிப் போகத் தெரியுமா?

காடு, மலை, ஆறு என்று இளைஞர்களை வெளியே அழைத்துப் போய்ப் பயிற்சி தரும் வேலைக்கு எப்படித் தயாராவது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி: ஐந்து வருடமாக விடாமல் மலையேறுகிறேன். ரக்சாக், டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் சொந்தமாக இருக்கின்றன. சாகசப் பயிற்றுநராகச் சேர இது போதாதா?

ஏறத் தெரிந்ததற்குப் பாதி மதிப்பெண் போடலாம். தனியாகப் போகும்போது மழை வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடுவீர்கள். பத்துப் பேரோடு போகும்போது, கடைசியில் வருகிறவர் அரை மணி நேரமாக வாயே திறக்கவில்லையே, அவருடைய மழைக்கோட்டு இன்னும் பைக்குள்ளேயே கிடக்கிறதே என்பது உங்கள் கண்ணில் பட வேண்டும். கண் அங்கே இருக்க வேண்டுமென்றால் கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றில் டென்ட் அடிப்பதற்கும், அடுப்புப் பற்றவைப்பதற்கும், முடிச்சுப் போடுவதற்கும் யோசனை செலவாகக் கூடாது.

அதனால்தான் உங்களுக்கே மூச்சு வாங்குகிற பாதையில் குழுவை அழைத்துப் போக முடியாது. சொந்தப் பயணங்களைக் கடினமாக வைத்துக்கொள்ளுங்கள். வழிநடத்தும் பயணங்கள் அதைவிட இரண்டு படி எளிதாக இருக்கட்டும். மலையேறி பால் பெட்சோல்ட் 1965இல் அமெரிக்காவில், வெளிப்புறப் பயணங்களை வழிநடத்தக் கற்றுத் தரும் நோல்ஸ் பள்ளியைத் தொடங்கியதற்கே இந்தக் குறைதான் காரணம். ஏறத் தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள். கற்பிக்கவும் குழுவைக் கட்டிக்காக்கவும் பழகியவர்கள் கிடைக்கவில்லை.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அனுபவமுள்ள பயிற்றுநர் நடத்தும் முகாமில் உதவியாளாகச் சேருங்கள். சாமான் எண்ணுவது, கடைசி ஆளோடு நடப்பது, பாத்திரம் கழுவுவது என்றுதான் வேலை இருக்கும். வரிசையின் கடைசியில் நடப்பவருக்குத்தான் குழு முழுதாகத் தெரியும்.

கேள்வி: எத்தனை பயணம் போனால் சான்றிதழ்த் தேர்வுக்குப் போகலாம்? பயணக் குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

நாட்டுக்கு நாடு விதி மாறும். ஓர் அளவுகோலுக்கு பிரிட்டனின் 'மவுண்டன் லீடர்' தகுதியைப் பாருங்கள். பயிற்சிக்குச் சேரும் முன் குறைந்தது 20 தரமான மலை நாட்கள், இறுதித் தேர்வுக்கு முன் 40. தரமான நாள் என்றால் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட நடை, திட்டமிடுவதிலும் வழி கண்டுபிடிப்பதிலும் உங்கள் பங்கு, புதிதாக ஏதாவது கற்றது என்று கணக்கு. தெரிந்த ஒரே சிகரத்தில் நாற்பது முறை ஏறிவிட்டு நாற்பது நாள் என்று காட்டினால் தேர்வாளர் புன்னகையோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

'அருமையான பயணம், நல்ல காட்சி' என்று எழுதிய குறிப்பால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: 'குழு 9 பேர், நான் துணைத் தலைவர். 14 கி.மீ., ஏற்றம் 550 மீ. மதியம் பனிமூட்டம், பார்வைத் தூரம் 50 மீட்டருக்கும் குறைவு. கணவாய்க்குப் பிறகு ஒன்றரைக் கி.மீ. காம்பஸ் வைத்து நடந்தோம். இடது பக்கம் விலகினோம், ஓடையைக் கண்டதும் திருத்தினோம். ஒருவருக்குக் குதிகாலில் கொப்புளம். ஷூ புதிது, புறப்படும் முன் கேட்டிருக்க வேண்டும்.' அன்று இரவே எழுதிவிடுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: கைபேசியிலேயே வரைபடம் இருக்கும்போது காகித வரைபடமும் காம்பஸும் ஏன்? நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். நனைந்த விரலுக்குத் தொடுதிரை ஒத்துழைக்காது. கைபேசியைக் கொண்டு போங்கள், அதை மட்டுமே நம்பிப் போகாதீர்கள். 1:50,000 வரைபடத்தில் 2 செ.மீ. என்பது நிலத்தில் ஒரு கி.மீ. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் காண்டூர் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமம். காம்பஸ் காட்டும் வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுவதா கழிப்பதா என்பதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். வரைபட ஓரத்தில் அந்தக் கோணம் அச்சிட்டிருக்கும், ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். அது வருடா வருடம் சற்று மாறும். அடுத்த பயிற்சி, நடந்த தூரம் தெரிய அடி எண்ணுவது. நூறு மீட்டரை அளந்து வைத்து, இடது கால் தரையைத் தொடும்போதெல்லாம் எண்ணி நடங்கள். பலருக்கு 60 முதல் 70க்குள் வரும். ஏற்றத்திலும் பாரத்தோடும் அதே தூரத்துக்கு எண்ணிக்கை கூடும். அதையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் நல்ல தொடக்கம்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கி.மீ. தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி 3 மணி 24 நிமிடம். இது உடல்வலு உள்ள ஒருவர் நிற்காமல் நடக்கும் நேரம். புதியவர்கள் பன்னிரண்டு பேர் என்றால் ஒன்றரை மடங்கு போடுங்கள்: 5 மணி 6 நிமிடம். மணிக்குப் பத்து நிமிட ஓய்வும் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடமும் சேர்த்தால் ஆறரை மணியைத் தாண்டும். அதன்மேல் ஒரு மணி நேரம் கையிருப்பு வேண்டும். மாலை ஆறுக்கு இருட்டும் என்றால் பத்தரைக்குக் கிளம்புவது ஏற்கெனவே தாமதம். 'எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்' என்பதைக் காலையிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். உச்சி கண்ணில் தெரியும்போது அந்த முடிவை எடுக்க யாருக்கும் மனசு வராது.

கேள்வி: முதலுதவிப் பயிற்சி ஏற்கெனவே முடித்திருக்கிறேன். இன்னொரு முறை வேண்டுமா?

வேண்டும். நகரத்து முதலுதவி, ஆம்புலன்ஸ் வரும்வரை ஆளைக் காப்பாற்றக் கற்றுத் தருகிறது. வனப்பகுதிப் பாடம், உதவி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், ஓர் இரவுகூட ஆகலாம் என்ற இடத்தில் தொடங்குகிறது. அடிப்படைப் பயிற்சி சுமார் 16 மணி நேரம். முழுநேரப் பயிற்றுநருக்குப் பெரும்பாலும் கேட்கப்படும் 'வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்' 70 முதல் 80 மணி நேரம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

பெரிய விபத்துக்குத்தான் எல்லோரும் தயாராகிறார்கள். தினமும் வருவது கொப்புளமும் கணுக்கால் சுளுக்கும். 'குதிகால் லேசாக எரியுது' என்று ஒருவர் சொன்னால் அடுத்த ஓய்வுவரை தள்ளிப்போடாதீர்கள். அங்கேயே உட்கார வைத்து, காலுறையைக் கழற்றி, துடைத்து உலர்த்தி, டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மூன்று நிமிடத்தில் முடிகிற இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் மாலையில் அவருடைய பையை மற்றவர்கள் சுமக்க வேண்டியிருக்கும்.

குளிரில் உடல் வெப்பம் இறங்குவதை வெப்பமானி வைத்துக் கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்துவிடும். 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவதைத்தான் ஹைப்போதெர்மியா என்கிறோம். அதற்கு முன்னாலேயே அடையாளம் தெரியும்: ஜிப்பைப் போட முடியாமல் கை தவறும், கால் இடறும், பேச்சு குழறும், சிடுசிடுப்பு வரும். சிடுசிடுப்பைக் குணக்கேடு என்று நினைத்து அறிவுரை சொல்லப் போய்விடாதீர்கள். ஈரத்துணியை மாற்றி, தரையிலிருந்து பிரிக்க மெத்தை போட்டு, விழுங்க முடிகிறவரானால் இனிப்பாக ஏதாவது கொடுங்கள். நடுக்கம் நின்றபிறகும் உடல் குளிர்ந்தேயிருந்து ஆளும் மந்தமாக இருந்தால் தேறிவிட்டார் என்று அர்த்தமில்லை, நிலைமை முற்றிவிட்டது. படுத்தவாக்கிலேயே வைத்து மெதுவாகக் கையாளுங்கள். முரட்டுத்தனமாக அசைத்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம்.

இடி மின்னலுக்கு ஒரு கணக்கு: மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் முகட்டைவிட்டு இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

கேள்வி: கயிறு கட்டிப் பாறை ஏற்றுவது தெரிந்தால்தான் வேலை கிடைக்குமா?

எல்லா வேலைக்கும் அவசியமில்லை. நடைப்பயண முகாம்களிலேயே தொழில்காலம் முழுவதும் இருப்பவர்கள் உண்டு. ஆனால் கயிற்றில் கை வைப்பதென்றால் அரைகுறையாக வைக்கக் கூடாது. இரண்டு முனைகளில் கட்டி நடுவில் எடை தொங்கும் ஆங்கரை, அதாவது கயிற்றைத் தாங்கும் பிடிமானத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். தொங்குபவர் 80 கிலோ. இரண்டு கிளைகளுக்கும் இடையே 60 டிகிரி கோணம் இருந்தால் ஒவ்வொரு முனையும் சுமார் 46 கிலோ தாங்கும். 90 டிகிரியில் 57 கிலோ. 120 டிகிரியில் ஒவ்வொன்றும் முழு 80 கிலோவையும் தாங்க வேண்டும். 150 டிகிரியில் 155 கிலோ! இரண்டு முனை இருந்தால் சுமை பாதியாகிவிடும் என்று நினைத்துக் கயிற்றைக் குட்டையாகக் கட்டுவது எவ்வளவு ஆபத்து என்று இதிலேயே தெரியும். கயிறு நீளமாக இருக்கட்டும், கோணம் 60ஐத் தாண்ட வேண்டாம். கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான கராபினரை நீளவாக்கில் இழுத்தால் குறைந்தது 20 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடை) தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. குறுக்காகத் திரும்பிக்கொண்டால் 7தான். அதனால் மாட்டியபிறகு இழுத்துப் பார்க்கும் பழக்கம் தேவை.

கயிற்றை ஒவ்வொரு முறையும் கையால் உருவிப் பாருங்கள். ஓரிடத்தில் மெத்தென்றோ தட்டையாகவோ பட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள். கண்ணுக்கு நன்றாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. இந்தப் பயணங்களில் பிள்ளைகள் என்னதான் கற்கிறார்கள்? நடப்பதும் களைப்பதும் தவிர வேறென்ன என்று பெற்றோர் கேட்கிறார்களே!

அவர்கள் கேட்பது நியாயம். சும்மா களைத்துப்போவதால் யாரும் எதையும் கற்றுவிடுவதில்லை. அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984இல் வகுத்த சுழற்சி இந்தத் துறையில் எல்லோரும் புழங்குவது: அனுபவம், அதைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு பொதுக்கருத்தை எடுப்பது, அடுத்த முறை அதைச் செய்து பார்ப்பது. புதிய பயிற்றுநர்கள் முதல் கட்டத்தோடு நிறுத்திவிட்டுக் குழுவைத் தூங்க அனுப்பிவிடுவார்கள்.

மாலையில் வட்டமாக உட்கார வைத்து இருபது நிமிடம் போதும். மூன்று கேள்விகள்: என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன செய்வோம்? முதல் கேள்வியில் அவசரப்படாதீர்கள். பாதை தவறிய நாளில் 'தலைவன் சரியில்லை' என்று ஒரு பிள்ளை தொடங்கும். 'வரைபடம் யார் கையில் இருந்தது? கிளைப்பாதையில் நின்றபோது எத்தனை பேர் அதைப் பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். தவறான பக்கம் போகிறோம் என்று தெரிந்தும் இருவர் வாயை மூடிக்கொண்டிருந்தது அங்கேதான் வெளியே வரும். 'ஏன் சொல்லவில்லை?' என்பதற்கு அவர்களே பதில் தேடட்டும். அந்த மௌனத்தைத் தாங்குங்கள். ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம். ஐந்து விநாடி அமைதி நீடித்தாலே பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவோம்.

பயத்தால் பாறையில் பாதியில் நிற்கும் பிள்ளையைக் கைதட்டி மேலே தள்ளாதீர்கள். எவ்வளவு உயரம் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். சும்மா நின்று பார்ப்பதும், கயிறு பிடிக்க உதவுவதும் பங்கேற்புதான். தள்ளிவிடப்பட்ட பிள்ளைக்குப் பாறை நினைவிருக்காது, தள்ளியவரைத்தான் நினைவிருக்கும்.

கேள்வி: மகள் இந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். நிரந்தர வருமானம் வருமா? எந்த நிறுவனத்தை நம்புவது?

ஆரம்பத்தில் பருவகால ஒப்பந்தம்தான் அதிகம்; சில மாதம் ஓய்வில்லாத வேலை, சில மாதம் காத்திருப்பு. உதவியாளர், துணைப் பயிற்றுநர், முதன்மைப் பயிற்றுநர், பிறகு முகாம் பொறுப்பாளர் அல்லது பாதுகாப்பு மேலாளர் என்பது வழக்கமான ஏணி. முழங்கால்தான் பல பேரைப் பாதியில் வெளியே அனுப்புகிறது. பாரத்தோடு இறங்கிப் பழகும் பயிற்சியை இப்போதே தொடங்கட்டும், சுமையை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டட்டும். வாகன ஓட்டுநர் உரிமமும் எழுத்து வேலையில் பழக்கமும் பலர் நினைப்பதைவிட அதிகம் கைகொடுக்கும்.

நேர்காணலுக்குப் போகும்போது மகளும் கேள்வி கேட்கட்டும். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? எழுதி வைத்த அவசரத் திட்டம் உண்டா, அதை எப்போது ஒத்திகை பார்த்தீர்கள்? விபத்தாகாமல் தப்பிய சம்பவங்களைப் பதிவு செய்கிறீர்களா? கயிறு, ஹெல்மெட் ஒவ்வொன்றுக்கும் வாங்கிய தேதி எழுதிய பதிவேடு இருக்கிறதா? முகாமுக்கும் முகாமுக்கும் இடையே எத்தனை நாள் விடுப்பு? 'எங்களிடம் இதுவரை ஒரு சம்பவம்கூட நடந்ததில்லை' என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் பதிவேடே இருக்காது. வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.