மகளைத் திரும்ப எடுக்க ஒரு தகப்பன் என்ன செய்யலாம்?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் மேசன் வேலை செய்கிறேன். மனைவி குவைத்தில். ஒன்பது வயது மகளுக்கு மூளை வளர்ச்சி குறைவு, பேச்சு வராது. கொஞ்சம் கண் மறைந்தால் வாவிக் கரைக்குப் போய்விடுவாள். அதனால் வேலைக்குப் போகும்போது சீலைத்துண்டால் காலைக் கட்டி வீட்டுக்குள் விட்டுப் போவேன். மத்தியானம் வந்து சோறு தீத்துவேன். யாரோ சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம் 1929க்குச் சொல்லி, பொலிஸ் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள். கோர்ட் உத்தரவில் இப்போது சிறுவர் இல்லத்தில் இருக்கிறாள். தண்ணி வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைப்பாள். அங்கே யாருக்கு அது விளங்கும்? அக்கா ஒருத்தி குருக்கள்மடத்தில் இருக்கிறா. பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைப்பாளா?

பதில்: தம்பி, அதற்கு வழி இருக்கிறது. இல்லத்தில் வைத்ததால் மட்டும் தகப்பன் என்ற உங்கள் உரிமை பறிபோய்விடாது.

இப்படியான வழக்குகள் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் நீதவான் முன் வருகின்றன. அந்தச் சட்டம் நீதவானுக்கு இல்லத்தை மட்டும் காட்டவில்லை. ஒழுங்காகப் பராமரிப்பேன் என்று பெற்றோரிடம் பிணை எழுதி வாங்கிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாம், நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம், சொந்தக்காரர் போன்ற தகுந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம்.

காலைக் கட்டியது ஏனென்று எனக்கு விளங்குகிறது. வாவிக்குப் பயந்து கட்டினீர்கள். ஆனால் வீடு தீப்பிடித்தால் அந்தப் பிள்ளையால் எழும்பி ஓட முடியாது, கூப்பிடவும் வாயில்லை. அதைத்தான் நீதவான் பார்ப்பார். சிறுவரைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவில் தனிக் குற்றம். எனவே சட்டத்தரணியோடு பேசாமல் வாக்குமூலம் எதுவும் கொடுக்க வேண்டாம். காசில்லை என்று பின்வாங்கவும் வேண்டாம். மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் இலவசமாக ஆஜராவார்கள்.

நீங்கள் மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. நீதிமன்றம் கேட்கப்போவது வேறு: காலை ஏழரைக்கு நீங்கள் வேலைக்குப் போனால் பின்னேரம் ஐந்து மணி மட்டும் பிள்ளையோடு யார்? இதற்குப் பதில் இல்லாமல் கோர்ட் படி ஏறினால் தவணைதான் போகும். அக்காவிடம் இன்றைக்கே போய்ப் பேசுங்கள். அவ பகலில் பார்க்கச் சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். பக்கத்துப் பாடசாலையில் விசேட கல்வி அலகு இருக்கிறதா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்குப் பதியுங்கள். வாவிப் பக்கம் வேலி அடைத்து, படலைக்குக் கொளுக்கி போட்டுவிட்டு, நன்னடத்தை உத்தியோகத்தரை வீட்டைப் பார்க்கக் கூப்பிடுங்கள். அவர் எழுதும் அறிக்கையை நீதவான் கவனித்துப் படிப்பார். அவரை எதிரியாக நினைக்க வேண்டாம்.

இவ்வளவும் உங்களால் இப்போது முடியாதென்றால், அக்காவையே தகுந்த ஆளாகக் காட்டி அவ பெயரில் கேளுங்கள். இதில் ரோசம் பார்க்க ஒன்றும் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். பிள்ளை குருக்கள்மடத்தில் இருந்தால் நீங்கள் தினமும் போய்ப் பார்க்கலாம்.

"இப்படிப்பட்ட பிள்ளைக்கு இல்லம்தான் நல்லது" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே நெஞ்சு எரிகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று அதன் 23ஆம் உறுப்புரை சொல்கிறது. சட்டத்தரணியிடம் இதை ஞாபகப்படுத்துங்கள்.

பார்க்க விடும் நாள் ஒன்றையும் தவறவிடாதீர்கள். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். தொண்டையில் கை வைத்தால் தண்ணி, எதைச் சாப்பிடுவாள், எதற்குப் பயப்படுவாள் என்று ஒரு தாளில் எழுதி இல்லப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். ஒரு பிரதி நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் போகட்டும். அந்தப் பிள்ளையை உங்களைப் போல அறிந்தவர் வேறில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மனைவியும் தன் சம்மதத்தைத் தூதரகம் மூலம் எழுதி அனுப்பினால் நல்லது. நீதவான் மறுத்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போக இடமிருக்கிறது. அதற்குக் காலக்கெடு உண்டு, தாமதிக்காமல் சட்டத்தரணியிடம் கேளுங்கள். அதுவரை இல்லத்தில் சண்டை பிடிப்பதோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதோ கூடாது. யார் நீட்டும் கடதாசியிலும் சட்டத்தரணி வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.